சிவப்பும் பழுப்பும் ஒன்றாகிப்போன மாதங்கள்

முதலில் வந்தது இருமல். சிங்கப்பூரின் கிராஞ்சியில் நான் வேலை செய்யும் செடிப் பண்ணையில் தேங்காய் நார்த்தூள் கலக்கும் எல்லோரும் இருமுவார்கள். அதனால் மூன்று மாதம் அதை ஒரு நோயாக யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. பாவாடை நாடாவை இரண்டு முறை இறுக்கிக் கட்ட வேண்டி வந்த பிறகுதான் என் தங்கை சாந்தி என்னை இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். காசநோய் (நுரையீரலைத் தாக்கும் தொற்று) என்றார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இரண்டு வாரம் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அதன்பின் மாதக்கணக்கில் தினமும் மருந்தகத்துக்கு வந்து தாதியின் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும் என்றார்கள். நாற்பத்தேழு வயதில் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, விழுங்கிவிட்டேன் என்று காட்ட வேண்டும்.

இந்த மாத்திரைகளை விழுங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தவள் இல்லை. மலேசியாவின் ஜொகூரில் இரண்டாம் படிவத்தோடு (எட்டாம் வகுப்பு) பள்ளியை விட்டேன். பிறகு தையல் ஆலை, ஈப்போவில் சாப்பாட்டுக் கடை, பினாங்கில் சலவைக் கடை, நான்கு வருடம் ஒரு கல்யாணம், கடைசியாக சிங்கப்பூர். சிங்கப்பூர் வரும்வரை எந்த வேலையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. எனவே நான் சொல்வதை மருத்துவ அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

வீட்டில் அடைந்து கிடந்த அந்த இரண்டு வாரத்தில் எனக்குத் துணை வண்ணப் பென்சில்கள். அவை வந்து மூன்று வருடமாகியிருந்தது. சமூக மன்றத்தின் அதிர்ஷ்டக் குலுக்கலில் சாந்திக்கு விழுந்த பரிசு அது. ரைஸ் குக்கர் கிடைக்கும் என்று நம்பிப் போனவள், முப்பத்தாறு பென்சில் கொண்ட தகரப் பெட்டியோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். யாரும் தொடவில்லை என்று நான் தொட்டேன். பண்ணையில் பார்க்கிற இலைகளைத்தான் வரைவேன், முக்கியமாக குரோட்டன்ஸ். ஓர் இலைக்குள்ளேயே பச்சை, மஞ்சள், ரத்தச் சிவப்பு எல்லாம் இருக்கும். மெல்லிய பூச்சாக ஆறேழு முறை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால்தான் அந்த நிறம் வரும்.

ஃபேரர் பார்க் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஜமால் பாய் என் படங்களை ஸ்கேன் செய்து, அஞ்சலட்டை அளவில் அச்சடித்து, தன் கடை வாசலில் ஒரு கம்பித் தட்டில் வைத்திருந்தார். சுற்றுலா வருகிறவர்கள் வாங்குவார்கள். பெரிய வருமானமில்லை. ஆனால் நான் செய்த ஒரு பொருளை முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்குவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மருந்துக்கு வருகிறேன். என்னுடைய கிருமிக்கு வழக்கமான மாத்திரைகளில் ஒன்று வேலை செய்யாது என்று சளிப் பரிசோதனையில் தெரிந்தது. இதை மருந்து எதிர்ப்பு (கிருமி மருந்துக்குச் சாகாமல் தப்பிப்பது) என்கிறார்கள். அதனால் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மாதத்தில் நிறுத்திவிடும் எத்தாம்பியூட்டால் (கிருமி பெருகாமல் தடுக்கும் மாத்திரை) எனக்குக் கடைசிவரை உண்டு என்றார் மருத்துவர். அது அபூர்வமாகச் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும், நிறங்கள்தான் முதலில் மங்கும் என்றும் சொன்னார். தலையாட்டினேன். இன்னொரு மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று சொன்னது மட்டும் மனதில் நின்றது. சிறுநீரும் அப்படியே போனது. பெட்டியில் எட்டாவது பென்சிலின் நிறம்.

கண்ணுக்காக மாதம் ஒரு சோதனை. புள்ளிகளால் ஆன படங்கள் கொண்ட புத்தகம். புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். நிறம் சரியாகத் தெரிந்தால்தான் எண் தெரியும். தாதி செல்வி பக்கத்தைத் திருப்புவார், நான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு. எட்டு. ஆறு. இருபத்தொன்பது. என் கவனமெல்லாம் கடிகாரத்தில் இருக்கும். கிராஞ்சி பண்ணைகளுக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. மூன்றாவது மாதத்துக்குள் புத்தகம் எனக்கு மனப்பாடம். அவர் பக்கத்தைத் திருப்பும் முன்பே சொல்லிவிடுவேன். ஏமாற்ற நினைக்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க நினைத்தேன்.

நான்காவது மாதம் ஜமால் பாயோடு சண்டை தொடங்கியது.

பழைய குரோட்டன்ஸ் படம் ஒன்றைப் புதிதாக அச்சடித்துக் காட்டினார். சிவப்பு செத்துப்போயிருந்தது. காய்ந்த சருகு போல ஒரு பழுப்பு.

"என்ன பாய் இது, இலைக்குச் சீக்கு வந்த மாதிரி இருக்கு. செவப்ப ஏத்துங்க."

ஏற்றினார். போதவில்லை. மறுபடி ஏற்றினார்.

"இதுக்கு மேல ஏத்துனா நல்லாருக்காதும்மா. எனக்கு இதுவே கண்ணக் குத்துது லா."

"முப்பது வருஷமா ஒரே மஞ்சக் கலர் பத்திரிக அடிச்சு உங்க கண்ணு கெட்டுப்போச்சு பாய். போய் டாக்டர்கிட்ட காட்டுங்க."

நான் கேட்டபடியே அடித்துக் கொடுத்தார். அந்த அட்டைகளில் ஒரு கட்டு நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதே வாரம் பண்ணையில் சிவப்பு கோலியஸ் நாற்றுகளையும் பச்சை நாற்றுகளையும் ஒரே தட்டில் கலந்து வைத்துவிட்டேன் என்று மேற்பார்வையாளர் கத்தினார். யாரோ கலைத்துவிட்டார்கள் என்று நானும் கத்தினேன். கடையில் வாங்கிய நாசி லெமாக்கில் (தேங்காய்ப்பால் சோறு) சிவப்பாக இருக்க வேண்டிய மிளகாய்ச் சம்பல் சேற்று நிறத்தில் இருந்தது. பழைய சம்பலைக் கொடுக்கிறான் என்று அந்தக் கடைக்காரனையும் திட்டினேன். அந்த மாதம் என்னிடம் திட்டு வாங்காதவர் யாருமில்லை.

சாந்திதான் கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேசையில் கிடந்த அச்சுப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது, எலையா, எறைச்சிக் கடையா?"

"ஒனக்கு என்ன தெரியும்?"

அவள் என் அறைக்குப் போய் அசல் படத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். "இதும் அதும் ஒன்னா? சொல்லு."

நான் பார்த்தேன். ஏதோ கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்றேன். சாந்தி பென்சில் பெட்டியையும் எடுத்து வந்தாள். பெட்டியைத் திறந்து மூன்று பென்சில்களை உருவி, முதுகுக்குப் பின்னால் குலுக்கி, முனைகள் மட்டும் தெரியும்படி முன்னால் நீட்டினாள்.

"எது செவப்பு?"

பெட்டியில் இருந்தால் எனக்குத் தெரியும். சிவப்பு மேல் தட்டில் பதினொன்று, பழுப்பு கீழ்த் தட்டில் கடைசிக்கு முந்தியது, இலைப் பச்சை இருபத்திரண்டு. வரைந்து முடித்ததும் ஒவ்வொன்றையும் அதன் பள்ளத்திலேயே வைப்பேன். கை தானாகப் போகும், கண்ணுக்கு அங்கே வேலையில்லை. இப்போது அவள் கையில் மூன்று முனைகள் இருந்தன. மூன்றும் ஈர மண்ணின் நிறம்.

ஒன்றைத் தொட்டேன். சாந்தியின் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, அது பச்ச."

மறுநாள் காலை மருந்தகத்தில் செல்வியிடம் சொன்னேன். அவர் புத்தகத்தை எடுக்கும்போதே உண்மையையும் சொல்லிவிட்டேன்.

"பாக்காமயேவா சொன்னீங்க?"

"புக்கு மாறவே இல்லையே சிஸ்டர். அதே பன்னெண்டு, அதே எட்டு. எத்தன மாசம்தான் பாக்குறது?"

"அய்யோ அக்கா, அது பரீட்ச இல்லக்கா, பாஸ் பண்றதுக்கு!"

மருத்துவர் வந்து புத்தகத்தை நடுவில் பிரித்தார், பின்னால் போனார், முன்னால் வந்தார். பதினைந்து பக்கங்களில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அந்தப் பன்னிரண்டு. அது நிறம் தெரியாதவர்களுக்கும் தெரியும் பக்கமாம். அன்றே எத்தாம்பியூட்டாலை நிறுத்தினார்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். பார்வை நரம்பு அழற்சி (கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டுப் பார்வை குறைவது), இரண்டு கண்ணிலும். நிறம் திரும்பி வருமா என்று கண் மருத்துவரிடம் கேட்டேன். பலருக்கு வரும், எல்லோருக்கும் முழுதாக வராது, மாதங்கள் ஆகும் என்றார். ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் நல்லது என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜமால் பாயிடம் போகாமல் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

"பாய், மெஷின் சரியாத்தான் இருக்கு. என் கண்ணுதான்."

"அது எனக்கு அப்பவே தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லலயா? மூணு தடவ சொன்னேன். நீங்க என்னத்தான் கண் டாக்டர்கிட்ட போகச் சொன்னீங்க. நானும் போயிட்டு வந்தேன் லா. ஒன்னும் இல்லன்னுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, பத்திரிகை மடிக்கப் போய்விட்டார். அந்த ரத்தச் சிவப்பு அட்டைகள் மற்றவற்றை விட வேகமாகப் போகின்றன என்று கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதுதான் எல்லாவற்றையும் விட என் வயிற்றெரிச்சல். மிச்சத்தை வாங்கி வந்துவிட்டேன். சாந்தி அவற்றின் பின்புறத்தில் சந்தைக்குப் போகும் பட்டியல் எழுதுகிறாள்.

பண்ணையில் தரம் பிரிக்கும் வேலையிலிருந்து தண்ணீர் ஊற்றும் வேலைக்கு மாற்றினார்கள். பழைய நானாக இருந்தால் அன்றே பையைக் கட்டியிருப்பேன். மாத்திரை கட்டிப்போட்டது. ஒரு மருந்து நின்றதால் மற்றவற்றை இன்னும் நீண்ட நாள் விழுங்க வேண்டியிருந்தது.

படம் வரையவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தாளில் இரண்டு சிறு கட்டங்கள் மட்டும் தீட்டினேன், சிவப்புப் பதினொன்றும் பச்சை இருபத்திரண்டும் ஒட்டி ஒட்டி. இரண்டும் ஒரே மண் கட்டியாகத் தெரியும். தேதி போட்டு வைத்துவிடுவேன். என்ன பிழைப்பு இது என்று இருக்கும். சாந்தியிடம் காட்டினால், "எனக்கு நல்லாத் தெரியுதுக்கா" என்பாள். அவளுக்குத் தெரிந்து என்ன ஆவது?

பதினோராவது வாரம் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஒரு கோடு தெரிந்தது. நிறம் வரவில்லை. இங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது மட்டும் தெரிந்தது. பென்சில் அழுத்தத்தில் வந்த கோடோ என்று அடுத்த வெள்ளிவரை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் இருந்தது. அதற்கடுத்த மாதங்களில் இடதுபக்கக் கட்டம் மெல்லச் சூடானது. அப்படித்தான் சொல்ல முடிகிறது. சிவப்பாக ஆவதற்கு முன்னால் அது சூடாகத் தெரிந்தது.

இதே மாத்திரையை விழுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், காசநோய் கண்ணை விடப் பெரியதைக் கொண்டுபோகும். ஆனால் சம்பல் நிறம் மாறினால், சட்டையின் நிறத்தில் வீட்டாரோடு வாக்குவாதம் வந்தால், அன்றே போய்ச் சொல்லுங்கள். உங்களைத் தவிர ஊரில் எல்லோருக்கும் கண் கெட்டுவிட்டதாகத் தோன்றினால், உடனே போங்கள்.

மருந்தெல்லாம் முடிந்து ஐந்து மாதமாகிறது. நுரையீரலில் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. வலக்கண்ணுக்கு நிறம் திரும்பிவிட்டது, மறுபடி வரைகிறேன். இடக்கண்ணில் சிவப்பு பலமுறை துவைத்த துணியின் சிவப்பாக நிற்கிறது. இன்னும் தேறலாம், இப்படியே நின்றும்விடலாம், ஒரு வருடம் பார்ப்போம் என்கிறார் கண் மருத்துவர். ஒரு வருடம் என்று அவர் சொல்வது அடுத்த வாரம் என்பது போல இருக்கிறது. நான் ஒரு வருடத்தில் ஊரையே மாற்றிக்கொண்டு வாழ்ந்தவள்.

காலையில் எழுந்ததும் ஜன்னலுக்கு வருகிறேன். மார்சிலிங்கில் எங்களுக்கு எதிர் பிளாக்கில், ஒன்பதாவது மாடியில் யாரோ மூங்கில் கழியில் ஒரு சிவப்புத் துண்டைக் காயப்போடுகிறார்கள். வலக்கண்ணை மூடிப் பார்க்கிறேன், பிறகு இடக்கண்ணை. இரண்டு கண்ணும் காட்டும் இரண்டு சிவப்புகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்க்கிறேன். சில நாள் குறைந்தது போல இருக்கும், சில நாள் இல்லை.

இன்று மழை. கழி வெறுமையாக இருக்கிறது. பஸ் போய்விடும் என்று சாந்தி கத்துகிறாள். போகட்டும், மழை விட்டால் துண்டை வெளியே போடுவார்கள்.