வேண்டாத நிழல்

பிரிண்டர் முனகத் தொடங்கியதும் எக்ஸ்ரே அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வார். தாள் உள்ளே இழுபடும்போது தோள் உயரும். பாதிப் படம் வெளியே வரும்போது கண் பிதுங்கும். கடைசி விளிம்பும் தட்டில் விழுந்த பிறகுதான், "விடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூச்சை விடுவார். இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கனத்த கதவு போட்ட அறையில், "மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடலாம்" என்று சொல்லி ஊர் முழுக்க உள்ள நெஞ்சுக்கூடுகளைப் பார்த்தவர். படம் உருவாகிற இடத்தில் யாராவது ஒருவர் மூச்சைப் பிடித்தே ஆக வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. பிரிண்டருக்கு நெஞ்சுக்கூடு இல்லாததால் அந்தப் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆல்பப் பித்து பிடித்து ஆறு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் ஆல்பம் என்றால் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டோவைச் செருகுவது என்றுதான் நினைத்திருந்தார். வார்டு நர்ஸ் ஒருத்தி கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அதில் ஒரு பெண் பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுத்தும் கட்டமும் சேர்த்து, அச்சடித்து, வெட்டி, கெட்டித் தாளில் ஒட்டி, அதன்மேல் நிஜப் பொத்தானையும் ரிப்பனையும் வைத்து அழகு பார்த்தாள். அக்கா அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே மறந்துவிட்டார். "பாதி வேலை மவுஸ்ல, பாதி வேலை பசைல. இதுக்குப் பேரு ஹைபிரிட் ஸ்க்ராப்புக்காம். நான் தக்காளிலதான் ஹைபிரிட் கேள்விப்பட்டிருக்கேன்" என்று மாத்திரை கொடுக்கும் ஜன்னல் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரே வாரத்தில் சாப்பாட்டு மேஜை பறிபோனது. குடும்பம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டது. மேஜைமேல் கட்டம் போட்ட பச்சை நிற வெட்டுப் பலகை. தாளை நேராக வெட்டும் கட்டர். அதன் கத்தியை இழுக்கும்போது வருகிற 'சர்ரக்' என்ற சத்தத்துக்காகவே வேண்டாத தாளையும் வெட்டுவார். பூ வடிவில் துளை போடும் பஞ்ச். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். முதல் வாரத்தில் அது தாளில் ஒட்டியதைவிட அவர் முழங்கையில் ஒட்டியதுதான் அதிகம். ஒரு நாள் 'நம் செல்லம்' என்று அச்சடித்த துண்டைப் புறங்கையில் ஒட்டிக்கொண்டே வேலைக்குப் போய்விட்டார். எலும்பு முறிந்து வந்த ஒரு பெரியவர் வலியை மறந்து அதை வாய்விட்டுப் படித்தார். பழைய சட்டைகளில் இருந்த பொத்தானெல்லாம் ஒரு டப்பாவுக்குக் குடிபெயர்ந்தன. வீட்டில் இப்போது பொத்தான் முழுசாக உள்ள சட்டை, கணவர் உடம்பில் போட்டிருப்பது மட்டும்தான்.

கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் ஒரு தனி பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு பிழைப்பவர். அக்கா கட்டரை இழுக்கும்போதெல்லாம் சோபாவில் இருந்தபடியே மாஸ்டரின் கால் தரையை மிதிக்கும்.

"மெதுவா, மெதுவா. ஹாஃப் கிளட்ச்சுல போ."

"ஏங்க, இது காரா பேப்பரா?"

"எதுவா இருந்தாலும் வளைவுல வேகம் கூடாதும்மா."

வீட்டில் எந்தப் படம் எடுத்தாலும் எடுப்பவர் மாஸ்டர்தான். மகள் பிறந்த நாள் முதல் ஏதாவது ஒரு கேமரா அவர் கழுத்தில் தொங்குகிறது. "வெயில் எடுக்கிறவன் முதுகுக்கு வரணும்" என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார். அதை இன்றுவரை மீறியதில்லை. ஆனால் யாராவது கேமராவை வாங்கி அவர் பக்கம் திருப்பினால் போதும், குழாயை மூடினோமா என்று பார்க்கப் போய்விடுவார். "எடுக்கிறவன் எதுக்கு உள்ள வரணும்" என்பார். ஒரே ஒரு குடும்பப் படத்தின் ஓரத்தில் கதவைத் தாண்டிப் போகும் ஒரு குதிகால் மட்டும் பதிவாகியிருக்கிறது. அது மாஸ்டருடையதா, பால்காரருடையதா என்பதில் வீட்டுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

வம்பு அங்கிருந்துதான் வந்தது. மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். கையோடு எடுத்துப் போக ஒரு ஆல்பம் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வரியிலேயே மகள் ஒரு முட்டுக்கட்டையையும் போட்டாள். "அப்பா இல்லாத ஆல்பம் எனக்கு வேண்டாம்மா. கல்யாண ஆல்பத்துல இருக்கிற மீசைக்காரர் கணக்குல வரமாட்டாரு. நான் பொறந்ததுக்கு அப்புறம் எடுத்தது வேணும்."

அக்கா மறைந்திருந்து பிடிக்கப் பார்த்தார். முதல் முறை மாஸ்டர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அடுத்த முறை தும்மினார். அதற்கடுத்த முறை படத்தில் காலி நாற்காலி மட்டும் இருந்தது. பிடி கொடுக்காத மனிதரை என்ன செய்வது என்று அலுத்துப்போய், கடைசிப் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, மற்றப் பக்கங்களுக்கான படங்களை எடுத்து வைத்துக்கொண்டார்.

முதலில் ஸ்கேன் செய், பிறகு வெட்டு: வீடியோப் பெண் முதல் நிமிடத்திலேயே சொன்ன பாடம் இது. அக்கா அந்த நிமிடத்தில் கட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நெகட்டிவ் எதுவும் மிச்சமில்லாத நாற்பத்தோரு பழைய பிரிண்ட்டுகளை ஞாயிறன்று ஒரே மூச்சில் 'சர்ரக் சர்ரக்' என்று வெட்டித் தள்ளினார். எக்ஸ்ரே அறைக்கு ஒருவர் விரல் முறிந்து வந்தால் விரலுக்கு மட்டும்தான் கதிரை விட வேண்டும். சுற்றியுள்ளதையெல்லாம் அடைத்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. முகம் தேவை, வைத்துக்கொண்டார். வானம், தரை, ஓரத்தில் கறுப்பாக விழுந்து கிடந்தது எல்லாம் தேவையில்லை. வெட்டி முடித்து ஒட்டியதும் பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. அக்கா தன் வேலையைத் தானே பார்த்துப் பார்த்துப் பூரித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் ஒரு பக்கத்தைப் புரட்டி நின்றாள். கடற்கரையில் நான்கு வயதுச் சிறுமி. இடுப்புக்குக் கீழே படம் வெட்டுப்பட்டிருந்தது.

"அம்மா, இதுல நான் அப்பா தலைமேல நின்னுட்டிருந்தேனே. அது எங்க?"

"தலைமேலயா?"

"அப்பா நிழல் இருக்கும்மா மணல்ல. நான் ஓடிப்போய் அந்தத் தலைமேல ஏறி நிப்பேன். 'ஐயோ வலிக்குது'ன்னு அப்பா கத்துவாரு. உடனே கிளிக் பண்ணுவாரு. ஒவ்வொரு தடவையும் அதான் விளையாட்டு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயில் எப்போதும் முதுகுக்கு. அப்படியென்றால் வெளியில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் அந்த மனிதர் தரையில் நீளமாகக் கிடந்திருக்கிறார், முழங்கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, மனைவி மகள் காலடியில். இருபத்து மூன்று வருடமாக இல்லவே இல்லை என்று தேடிய ஆள் எல்லாப் படத்திலும் இருந்திருக்கிறார். அவரை நாற்பத்தோரு துண்டாக வெட்டி எறிந்தது கட்டின மனைவி. தானே வாழ்நாள் முழுக்க எலும்பின் நிழலைப் படமெடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் என்பதை நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. "நானெல்லாம் ஒரு எக்ஸ்ரேக்காரி" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

குப்பைக் கூடை காலியாக இருந்தது. மாஸ்டர் காலையில்தான் கொட்டிவிட்டு வந்திருந்தார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோபாவைப் புரட்டினார், மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். பொத்தான் டப்பாவைக் கவிழ்த்ததில் வீடு முழுக்கப் பொத்தான் உருண்டது. அப்படியே தவழ்ந்தபடிதான் நினைவு வந்தது. எக்ஸ்ரே அறையில் கெட்டுப்போன படத்தையும் எறியக் கூடாது. கவரில் போட்டு, காரணம் எழுதி, எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பழக்கமும் கையோடு வந்திருந்தது. கட்டர் அட்டைப்பெட்டிக்குப் பின்னால், சுவரோடு சாய்ந்து, ஒரு பழுப்புக் கவர் நின்றது. மேலே அவர் கையெழுத்தே: 'ரிஜெக்ட். காரணம்: வேண்டாத நிழல்.'

அதைப் படித்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

கவருக்குள் எல்லாத் துண்டும் இருந்தது. கடற்கரைத் துண்டில் மட்டும் பஞ்ச்சைச் சோதித்துப் பார்த்திருந்தார். நிழலின் தலையில் பூ வடிவில் ஓர் ஓட்டை. இந்த முறை முதலில் ஸ்கேன். கம்ப்யூட்டரில் வெட்டுப்பட்ட கால்களையும் நிழலையும் தனித்தனியாகப் பிரித்து, கால்களைப் படத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டு, நிழலை மட்டும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, படத்தின்மேல் போர்த்துவது என்று திட்டம். தாளின் வழுவழுப்பான பக்கத்தில் அடித்ததில் முதல் மாஸ்டர் மையாக வழிந்து தட்டில் குளமானார். சொரசொரப்பான பக்கம் எது என்று ஈர விரலால் தடவிப் பார்த்து மறுபடி அடித்தார். வந்த தாளின் மூலையை இரண்டு விரலால் பிடித்து, ஆஸ்பத்திரியில் செய்வதுபோலவே ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார்.

"ஒரு தோள் எறக்கமா இருக்கு. தொப்பை லேசா ஆரம்பிச்சிருக்கு. முழங்கை ரெண்டும் நல்லா இருக்கு" என்று ரிப்போர்ட் படித்தார். பிறகு தாளை இறக்காமலே, "அச்சு அசல் உங்கப்பாடி" என்றார்.

இரண்டு நாளும் மாஸ்டரை மேஜைப் பக்கமே விடவில்லை. பூ ஓட்டைக்குப் பின்னால் மஞ்சள் தாளை வைத்து ஒட்டியதில் கடற்கரை நிழலின் தலையில் ஒரு பூ பூத்தது. வெள்ளி சாயங்காலம் கடைசி நிழலையும் போர்த்தி முடித்தார். கடைசிப் பக்கம் மட்டும் இன்னும் வெறுமையாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை, பெட்டிகள் வாசலில் நிற்க, ஆல்பத்தை மாஸ்டர் கையில் கொடுத்தாள் மகள். முதல் பக்கத்தில் கால்மேல் கால் போட்டபடி, "பரவால்லயே, நேராத்தான் வெட்டியிருக்க" என்றார். அடுத்த பக்கத்தில் போர்வைத் தாளைப் புரட்டியதும் ஒரு நிழல் மனைவி மகள் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. போட்ட காலை இறக்கினார். தாளைத் தூக்கினார், ஆள் இல்லை. போட்டார், ஆள் வந்தார். தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தார். கடற்கரைப் படம் இருந்த பக்கத்தைத் திறந்தார். அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடி மிதித்தது.

"ஐயோ, வலிக்குது" என்றார் மெதுவாக. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க அவர் குழாயைப் பார்க்கப் போகவில்லை.

கடைசிப் பக்கம் வந்தது. நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, நடுவில் ஒன்றுமில்லாமல். மாஸ்டர் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு கழுத்தில் கிடந்த கேமராவைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். வாசலில் இறங்கி மகள் பக்கத்தில் போய் நின்றவர், "வெயில் உன் முதுகுக்கு இருக்குதா பாரு" என்றார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நிமிர்ந்து நில்லுங்க. மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

கிளிக் ஆனதுதான் தாமதம், வண்டி வந்துவிடுமே என்று அக்கா உள்ளே ஓடினார். படம் கம்ப்யூட்டரில் விரிந்தது. கன்னம் உப்பிய மாஸ்டர், அவர் தோளில் சாய்ந்த மகள், இருவர் காலடியிலும் முழங்கை தூக்கிய இன்னொரு நிழல், கலைந்த கொண்டையோடு. பழக்க தோஷத்தில் அக்காவின் கை மவுஸை இழுத்து, நிழலுக்கு மேலே வெட்டுக்கோட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு நொடிதான். பிறகு அந்தக் கோட்டை அப்படியே கீழே இறக்கி, படம் முழுசையும் பிரிண்ட்டுக்குக் கொடுத்தார். பிரிண்டர் முனகத் தொடங்கியது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா," மகள் வாசலிலிருந்து ஜன்னல் வழியே கத்தினாள். "நீ விடலாம்னு சொல்லவே இல்ல. அப்பா இன்னும் மூச்சப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாரு."

பாதிப் படம்தான் வெளியே வந்திருந்தது. அக்கா திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார்.