மஞ்சள் வால்

தொண்ணூறுகளின் ஆரம்பம். ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாற்றில் போய் விழும் ஓர் ஓடை ஓரம் எங்கள் குடிசை. பாலம் கட்டுகிறோம் என்று ஓடைக்குக் குறுக்கே மண் கொட்டினார்கள். பாலம் வரவில்லை. மண் இருந்தது.

ஓடை இரண்டு குட்டையானது. இந்தப் பக்கம் என் குட்டை. அந்தப் பக்கம் அத்தை பொண்ணு குட்டை. இருவருக்கும் ஒன்பது வயது. இரண்டிலும் விரல் நீளம்கூட இல்லாத கப்பி மீன்கள்.

முதலில் என் பக்கமும் சிவப்பு வால், கறுப்புப் புள்ளி, நீலம் என்று கலந்துதான் இருந்தன. மூன்று கோடை போனதும் எல்லாம் ஒரே மஞ்சள் வால். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா கூரைமேல் புறா வளர்த்தார். தெருப்புறா வந்து ஒட்டினால் விரட்டிவிடுவார். "ஜாதி கெட்டா மவுசு பூடும்" என்பார். நானும் என் மீனை ஜாதி மீன் என்றேன். சிலது கூன் முதுகோடு பிறந்தன. அதுவும் ஜாதி லட்சணம் என்று நினைத்தேன்.

அத்தை பொண்ணு பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடி, உன் மீனெல்லாம் மூட்ட தூக்கினு போறா மாரி கீது?"

மறுநாள் ஊறுகாய் பாட்டிலில் பத்து மீன் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

"இத்த உன்னுதுல வுடு. ஜோடி சேரட்டும்."

"உன் கலப்பு மீனு எனுக்கு வாணாம், போடி."

பாட்டிலைப் பிடுங்கி அவள் குட்டையிலேயே கொட்டினேன். காலி பாட்டிலைப் பாவாடையில் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கத்திரி வெயிலில் மீனுக்கு நோய் வந்தது. உடம்பில் பஞ்சு ஒட்டினதுபோல் வெள்ளை. அவள் குட்டையில் பாதி செத்தது, பாதி பிழைத்தது. என் குட்டையில் நாலே நாளில் ஒன்றும் மிச்சமில்லை.

"நீதான்டி இன்னாவோ ஊத்திட்ட!" மண்மேட்டில் நின்று கத்தினேன். அவள் குனிந்து செத்த மீன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதே வாரம் மாமா நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையில் ஓர் ஆண் புறா கொண்டுவந்தார். அதே ஜாதி. வருஷா வருஷம் ஒன்று வரும்.

"நம்மகிட்ட இல்லாத புறாவா மாமா?"

"இங்க கீறதெல்லாம் அண்ணன் தங்கச்சி, கண்ணு. வெளிய இருந்து ஒண்ணு வந்தாத்தான் குஞ்சு தெம்பா நிக்கும்."

தலையாட்டினேன். புதுப் புறாவுக்குத் தண்ணீர் வைத்தேன். பிறகு இறங்கிப் போய் அத்தை பொண்ணு குட்டையில் ஒரு கல்லை விட்டெறிந்தேன். மீன்கள் சிதறின. எல்லா நிறத்திலும்.