முன்வரிசையில் பொன்செல்வி

பொன்செல்வியால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பாள். பஸ்ஸில் நின்றால் கம்பியின் மேல் விரல்கள் ஓடும். மலையாள நாட்டு நகரம் ஒன்றின் ஆரியசாலையில், மல்லியும் வற்றலும் காரமாக மணக்கும் மொத்தக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். அங்கே அவள் அம்மா உலகம்மாள் ஒரு நாளில் அதிகம் சொன்ன வார்த்தை, "ஏட்டி, சும்மா இருட்டி" என்பதுதான்.

அந்தக் கைகளுக்கு எட்டாம் வகுப்பில் ஒரு வேலை கிடைத்தது. பள்ளிக்கூட வாலிபால் அணியில் ஆள் குறைந்தது. குள்ளமான பெண்ணை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, வரும் பந்தை அடிக்கிறவளுக்குத் தூக்கிக் கொடுத்தால் போதும் என்றார்கள். வாலிபாலில் ஒரு பக்கத்தார் மூன்று முறைதான் பந்தைத் தொடலாம். முதலில் ஒருத்தி எடுப்பாள், கடைசியில் ஒருத்தி அடிப்பாள். நடுவில் தொடுகிறவள் செட்டர். முதல் பந்தை யார் எடுத்தாலும், இரண்டாவது பந்து தன்னிடம்தான் வந்தாக வேண்டும் என்பது பொன்செல்விக்கு அவ்வளவு பிடித்திருந்தது. களத்தில் அவள் நிற்கவே வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கைகளை வைத்துத்தான் நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. மூட்டை இறக்கும் கூட்டத்தில் இருந்த அப்பா பேச்சிமுத்து, சேர்க்கை அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதல் இரண்டு வருடமும் அணிக்கு ஒரே செட்டர் அவள்தான். பந்து ஷிஜிக்கு எவ்வளவு உயரத்தில் வேண்டும், ஷெமிக்கு எவ்வளவு வேகத்தில் வேண்டும், அன்றைக்கு யாருக்கு மனசு சரியில்லை என்பது வரை அவள் விரல்களுக்குத் தெரியும்.

மூன்றாம் வருடம் பல்கலைக்கழகப் போட்டி நெருங்கும் நேரம் பார்த்து ஷிஜியின் முழங்கால் போயிற்று. அணியில் பாதிப் புள்ளிகளை அடித்துக் கொடுத்தவள் அவள். எம்பி இறங்கியவள் அப்படியே சுருண்டாள். தூக்கிக்கொண்டு போனார்கள். இனி இந்த வருடம் இல்லை என்றார் டாக்டர்.

அடுத்த நாள் பயிற்சியாளர் ஷாஜி சார் எல்லோரையும் வலைக்குக் கீழே உட்காரவைத்தார்.

"இனி நம்ம டீம்ல ரெண்டு செட்டர். பொன்செல்வி ஒண்ணு, மாளவிகா ஒண்ணு. ஒருத்தி முன்வரிசையில நிக்கும்போ மத்தவ பின்வரிசையில இருப்பா. பின்னாடி நிக்கறவதான் ஓடி வந்து செட் பண்ணணும். முன்னாடி நிக்கறவ அடிக்கணும். அப்போ எப்பவும் மூணு பேர் அடிக்கான் உண்டாகும். மனசிலாயோ?"

மாளவிகா முதல் வருடம் படிப்பவள். கரமனைக்காரி. ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரம். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் செட்டும் செய்வாள், அடிக்கவும் செய்வாள்.

பொன்செல்வி எழுந்துவிட்டாள். "சாரே, அவ அடிக்கட்டும். எங்க நின்னாலும் செட் நானே பண்றேனே. எதுக்கு ரெண்டு பேரு?"

"நீ முன்னாடி நின்னு செட் பண்ணினா பின்னே அடிக்க ரெண்டு பேரே பாக்கி. ஷிஜி இருந்தப்போ அது மதி. இப்போ போதாது."

"அதுக்கு, நான் அடிக்கணுமா?"

யாரோ சிரித்தார்கள். வலையின் மேல்கயிறு பொன்செல்வியின் தலைக்கு மேல் எங்கேயோ இருந்தது. ஷாஜி சார் சிரிக்கவில்லை. "அடிக்கணும்," என்றார்.

பயிற்சி தொடங்கியதும் அவளுக்கு நரகமாயிற்று. பின்வரிசையில் இருக்கும் வரைக்கும் பழைய பொன்செல்விதான். சர்வீஸ் கைக்கு வரும்போதெல்லாம் ஆட்கள் ஓரிடம் சுற்றி நகர வேண்டும். அப்படிச் சுற்று மாறி முன்வரிசைக்கு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாது. பந்து எழும்பும். அவள் கால் தானாகவே அதன் கீழே ஓடும். பின்னாலிருந்து மாளவிகாவும் ஓடி வருவாள். இரண்டாம் நாளே, "எண்டெ! எண்டெ!" என்று, பந்து தன்னுடையது என மலையாளத்தில் கத்திக்கொண்டு இரண்டு பேரும் மோதினார்கள். பொன்செல்வியின் நெற்றி மாளவிகாவின் வாயில் இடித்தது.

"அம்மாடி, பல்லு போச்சே!" என்று உட்கார்ந்துவிட்டாள் மாளவிகா.

பொன்செல்வி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். இத்தனை மாதம் அவளோடு மலையாளத்தில்தான் பேசியிருந்தாள். "நீ தமிழா?"

"ஆமாம். நீங்களும்தானே?"

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். பொன்செல்வி எழுந்து தன் இடத்துக்குப் போனாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு எதிலும் நிலைகொள்ளவில்லை. வகுப்பில் பாதியில் எழுந்து வெளியே போனாள். வீட்டில் ஈயச்சொம்பை எடுத்து விரல் நுனியில் எறிந்து எறிந்து பிடித்தாள். அது கைதவறி உலகம்மாளின் காலில் விழுந்தது. "ஒனக்கு என்னதாம்ட்டி பிடிச்சிருக்கு?" என்று அம்மா கத்தினாள். பொன்செல்வி சொம்பைப் பொறுக்கினாள். தன் வேலையைப் பாதியாக நறுக்கி இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள், மீதி நேரம் வெறுங்கையோடு நில் என்கிறார்கள். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் முன்வரிசையில் நின்றுகொண்டே மாளவிகாவுக்கு வரவேண்டிய பந்தைத் தாவி எடுத்தாள். ஷெமிக்கு அழகாகத் தூக்கிவிட்டாள். ஷெமியும் அடித்தாள், புள்ளி வந்தது. அடுத்ததையும் எடுத்தாள். அதற்கடுத்ததை எடுக்கத் தாவியபோது ஷாஜி சார் விசில் ஊதினார்.

"வெளியே போ."

"பாயிண்ட் வந்துச்சுதானே சாரே?"

"போ, பொன்செல்வி."

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பஸ் வந்தது, ஏறவில்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்க அன்றைக்கு முடியாது. தம்பானூரைத் தாண்டி, கிள்ளிப்பாலம் தாண்டி, வெயில் தணிகிற வரைக்கும் நடந்து கரமனை ஆற்றுப் பாலத்துக்கே வந்துவிட்டாள். வந்த பிறகுதான் எதற்கு வந்தோம் என்பது அவளுக்கே தெரிந்தது. பையிலிருந்து ஜெர்சியை எடுத்து வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி கைப்பிடிச் சுவரை ஒட்டி மேலும் கீழும் நடந்தாள்.

பயிற்சி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய மாளவிகா அவளைக் கண்டு நின்றாள். உதட்டில் வீக்கம் இன்னும் வற்றவில்லை.

"சேச்சி? இங்கே என்ன பண்றேள்?"

"இந்தா. இதை சார்ட்ட குடுத்துரு. நான் இனிமே வரல."

மாளவிகா கையை நீட்டவில்லை. "ஏன்?"

"ஒனக்கு ரெண்டு வேலையும் வரும். எனக்கு ஒண்ணுதான தெரியும்? அதையும் பாதி பிடுங்கியாச்சு."

"நான் பிடுங்கினேனா?" மாளவிகாவின் குரல் ஏறியது. "நேக்கு செட் பண்றதே பிடிக்காது, தெரியுமா? ஸ்கூல்ல வேற ஆளில்லேன்னு என்னைப் பிடிச்சு நிறுத்தினா. நேக்கு அடிக்கணும். அவ்வளவுதான் ஆசை."

பொன்செல்வி இதை எதிர்பார்க்கவில்லை. ஜெர்சியைச் சுருட்டினாள், விரித்தாள்.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன்," என்றாள் மாளவிகா. "நான் செட் பண்ணும்போது ஒரு தடவையாவது நீங்க பந்துக்கு ஓடி வந்திருக்கேளா? வலைகிட்ட நின்னுண்டு என் கையையே பாத்துண்டிருக்கேள். எங்கேடா தப்பு பண்ணுவேன்னு பாக்கற மாதிரி. வராத ஆளுக்கு நான் எப்படிப் பந்து போடுவேன்?"

லாரி ஒன்று பாலத்தை அதிர வைத்துக்கொண்டு போனது. பொன்செல்வி கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாளவிகா சொன்னது உண்மை. மாளவிகாவின் விரல்கள் வழுக்குவதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தாள். வழுக்கியபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டும் இருந்தாள்.

"ஒன் செட்டு ஒண்ணும் மோசமில்ல," என்றாள் கடைசியில். "கொஞ்சம் ஒயரமாப் போவுது. அவ்வளவுதான்."

"அப்போ நாளைக்கு வாங்கோ. அடிச்சுக் காட்டுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். முதல் பந்தைப் பொன்செல்வி காற்றில் அடித்தாள். கை மட்டும் வீசியது, பந்து பின்னால் விழுந்தது. அடுத்தது வலையில். இத்தனை வருடம் மற்றவர்களுக்காகப் பந்தைத் தூக்கியவளுக்கு, தனக்காக ஒரு பந்து மேலே எழுந்து நிற்பதைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை. அது தன்னுடையது என்று அவளுக்கு நம்பவே வரவில்லை.

"சீக்கிரம் வந்துடறேள். பந்து மேலே போய் இறங்கட்டும், அப்புறம் வாங்கோ."

"அவ்வளவு நேரம் நிக்க முடியலட்டி!"

எத்தனை முயன்றும் அதேதான். பந்து உச்சிக்குப் போகும் முன்பே அவள் எம்பி இறங்கிவிடுவாள். வெயில் ஏறியது. இரண்டு பேருக்கும் எரிச்சல். மாளவிகா பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நீங்க நிக்க வேண்டாம். நீங்க குதிங்கோ. பந்தை நான் அங்கே கொண்டு வரேன்."

தாழ்வாக, வேகமாக, வலையை உரசுகிற மாதிரி ஒரு பந்து வந்தது. பொன்செல்வி அதற்கு முன்பே காற்றில் இருந்தாள். உள்ளங்கையில் பந்து பட்ட சத்தம் சுற்றுச்சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது. எதிர்க்களத்தின் நடுவில் செம்மண்ணில் ஒரு தடம். அவள் அந்தத் தடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னொண்ணு. டக்குனு போடு."

போட்டி கொல்லத்தில் நடந்தது. அரையிறுதியில் எதிரே நின்ற அணி வளர்த்தியான பெண்கள். மூன்று செட் ஆட்டத்தில் முதல் செட்டை எளிதாக எடுத்துக்கொண்டார்கள். பொன்செல்வி முன்வரிசைக்கு வரும்போதெல்லாம் அவள் எதிரே நின்ற பெண் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஷெமியைத் தடுக்க நகர்ந்துபோனாள். இந்தக் குள்ளச்சியால் என்ன ஆகும் என்கிற நகர்தல். பொன்செல்வியின் உடம்பெல்லாம் பரபரத்தது.

இரண்டாவது செட்டில் மாளவிகா ஓடி வரும்போது அவள் கத்தினாள்: "போடு, இப்பவே!"

பந்து வந்தது. எதிரே தடுக்க ஒரு கைகூட இல்லை. அவள் அடித்தது பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் யாரும் திரும்புவதற்குள் தரையில் விழுந்துவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி அடித்தாள். மூன்றாவது செட்டில் அந்த வளர்த்திப் பெண் இவளைவிட்டு நகராமல் நின்றாள். அதுதான் வேண்டியிருந்தது. ஷெமிக்கு இப்போது ஒரே ஒரு ஆள் தடுப்பு. அவள் வெளுத்து வாங்கினாள். சுற்று மாறி பொன்செல்வி பின்னால் போனதும், முன்னால் வந்த மாளவிகாவுக்கு ஆசைப்பட்ட உயரத்தில் பந்து பந்தாகத் தூக்கிக் கொடுத்தாள். அரையிறுதியை ஜெயித்தார்கள். பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஷிஜி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள்.

இறுதிப்போட்டியில் தோற்றார்கள். எதிரணியினர் அரையிறுதியை உட்கார்ந்து பார்த்திருந்தார்கள். பொன்செல்வியின் வேகப்பந்துக்கு முன்கூட்டியே ஆள் போட்டார்கள். அவள் தடுக்க எழும்பும் பக்கமாகவே அடித்தார்கள், அவள் கைக்கு மேலாகப் பந்து போய்க்கொண்டே இருந்தது. உயரத்துக்கு என்ன செய்ய முடியும்? பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுக்கும் முகாமுக்கு மாளவிகாவைக் கூப்பிட்டார்கள். பொன்செல்வியைக் கூப்பிடவில்லை. திரும்பும் வண்டியில் எல்லோரும் களைத்துத் தூங்க, அவள் மட்டும் நடுப்பாதையில் நின்றுகொண்டே வந்தாள். அழுகை வரவில்லை. உடம்பில் இன்னும் ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

இப்போது அவள் நாகர்கோவில் பக்கம் உடற்கல்வி படிக்கிறாள். அவளுக்கு ஒரு வருடம் பின்னால் படித்த ஷிஜி கல்லூரி அணிக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஷாஜி சாரும் பழையபடி ஒரே செட்டர் முறைக்குப் போய்விட்டார். அந்தச் செட்டர் மாளவிகா. "நேக்கு அலுத்துப்போச்சு சேச்சி, எல்லாருக்கும் தூக்கித் தூக்கிக் குடுத்து" என்று போனில் புலம்புவாள். பொன்செல்வி அறைக்குள் நடந்துகொண்டே கேட்பாள்.

சென்ற மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கிளப் அணிக்கு ஆள் எடுத்தார்கள். பொறுப்பாளர் வேலாயுதன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"செட்டர்தானே நீ?"

"செட்டும் பண்ணுவேன் சார்," என்றாள். "ஒங்க டீம்ல இப்ப செட்டர் யாரு? அவ வேகமாப் போடுவாளா?"