ஹோஸ் மாட்டியாச்சா?

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த காலத்தில், ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எனக்கு வாய்த்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத உத்தியோகம் என்பதால் எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

சண்டை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் தொடங்கியது. யார் முறையில் யார் மடையைத் திறந்தார்கள் என்பது அவர்களுக்கே இப்போது நினைவிருக்குமா என்று தெரியவில்லை. நிலம் பிரிந்தது, மாடுகள் பிரிந்தன, வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் எழுந்தது. தாத்தா விட்டுப்போன பழைய டீசல் காரை மட்டும் இரண்டாக்க வழியில்லாததால் பொதுவில் விட்டார்கள். ஒரு வாரம் அப்பா ஓட்டுவார், மறு வாரம் பெரியப்பா. என்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர் ஊற்றும் அதன் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியபோது, கோளாறு அடுத்தவர் வாரத்தில்தான் வந்தது என்று இருவரும் உறுதியாக நம்பினார்கள். அதனால் கார் வாசல் வேப்பமரத்தடியில் அப்படியே நின்றது.

அது அங்கேயே மக்கிப்போயிருக்கும். ஆனால் வலங்கைமானில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்குப் பிரசவ காலம் நெருங்கியது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அங்கே மாமியார் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு அழைத்துவர நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் அத்தை அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“ரெண்டு அண்ணனும் ஒரே வண்டியில வந்து கூப்பிட்டா வர்றேன் அண்ணி. இல்லேன்னா இங்கேயே கெடந்து பெத்துக்கிறேன்.”

அத்தை சொன்னால் சொன்னதுதான். வாடகைக் கார் பிடிக்கலாமென்றால், ஒருவர் பிடித்த காரில் மற்றவர் ஏறமாட்டார். ஆக, தாத்தாவின் கார் ஓடியாக வேண்டும். ஒரத்தநாட்டு மெக்கானிக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெரியப்பா தஞ்சாவூர் போய்ப் புது ரேடியேட்டர் வாங்கிவந்து காரின் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். அப்பா தன் ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுவந்து இன்னொரு பக்கம் வைத்தார். டிராக்டரைப் பிரித்து மாட்டிய கைகள், வேலை தெரியாதவை அல்ல. ஆனால் ஒருவர் மேலே பிடிக்க, ஒருவர் கீழே படுத்து முடுக்க வேண்டிய வேலை அது.

நான் நடுவில் நின்றேன்.

“போல்ட்டை மொதல்ல கழட்டச் சொல்லு” என்பார் பெரியப்பா. அப்பாவின் காதுக்கும் அவர் வாய்க்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும். இருந்தாலும் நான் திரும்பி, “அப்பா, போல்ட்டை மொதல்ல கழட்டணுமாம்” என்று சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு அது கேட்கும். “அது எங்களுக்கும் தெரியும்னு சொல்லு” என்பார் அப்பா. அதையும் ஒரு எழுத்துக் குறையாமல் சேர்ப்பேன். கொஞ்சம் குரல் உயர்த்திச் சொன்னால் பெரியப்பாவின் மீசை துடிக்கும் என்பதால் உயர்த்தியே சொல்வேன். பழைய ரேடியேட்டர் வெளியே வந்தது. புதியது உள்ளே உட்கார்ந்தது. தண்ணீர் போகும் ரப்பர் குழாய்களில் மேல் ஹோஸைப் பெரியப்பா மாட்டினார். கீழ் ஹோஸை மாட்ட அப்பா காருக்கு அடியில் நுழைந்தார்.

சரியாக அந்த நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

கூடத்தில் உட்காரவைத்து ஒரு முறம் அரிசியை மடியில் வைத்தாள். கல் பொறுக்க வேண்டுமாம். பெரியம்மாவும் அங்கேதான் இருந்தாள். சுவர் ஆண்களுக்குத்தான். கொல்லைப்புறத்தில் இவர்கள் குழம்பு கைமாற்றிக்கொள்வது ஒருநாளும் நின்றதில்லை. வாசலிலிருந்து பெரியப்பா என்னைக் கூப்பிடுவது கேட்டது. எழுந்தேன். அம்மா என் தோளை அழுத்தினாள்.

“பெரியப்பா கூப்புடுறாங்கம்மா.”

“கூப்புடட்டும். நீ கல்லைப் பொறுக்கு.”

“இதுல கல்லே இல்லம்மா.”

“நல்லாப் பாரு, இருக்கும்” என்றாள் பெரியம்மா.

வாசலில் நடந்ததைப் பின்னாளில் பெரியப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என்னைக் காணாததால் அவர் வேப்பமரத்தைப் பார்த்து, “ஹோஸ் மாட்டியாச்சா?” என்று கேட்டிருக்கிறார். கேள்வி மரத்துக்குப் போட்டது. தனக்கில்லை என்று அப்பா வாய்திறக்கவில்லை. மாட்டாவிட்டால் சொல்லியிருப்பானே என்று பெரியப்பா எடுத்துக்கொண்டார். முதல் தண்ணீர் காவிரித் தண்ணீராக இருக்க வேண்டும் என்று வாய்க்காலிலிருந்து மொண்டு, வேட்டியில் வடிகட்டி வைத்திருந்த குடத்தைத் தூக்கி ரேடியேட்டரில் ஊற்றினார். இரண்டு மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த வீம்பு அத்தனையும் ஹோஸ் மாட்டாத கீழ்வாய் வழியே தண்ணீராக இறங்கியது, நேராக அப்பாவின் முகத்தில்.

“ஊத்தாதீங்கண்ணே! ஊத்தாதீங்க!”

கூடத்தில் அம்மாவும் பெரியம்மாவும் வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“மாட்டலேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“என்னையவா கேட்டீங்க? மரத்தையில்ல கேட்டீங்க!”

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். இருமலும் சிரிப்புமாக அப்பாவும் சேர்ந்துகொண்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பெரியப்பா தன் தோள் துண்டால் அப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளைக்குத் துவட்டுவதுபோல. கிளிப்பை எடுத்துக் கொடுங்க, இந்தா பிடி என்று பேச்சு நேராகவே போய்வந்தது. நான் பக்கத்தில் நிற்பதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் இருவரும் முன்சீட்டில் சேர்ந்து உட்கார்ந்து போனார்கள். மாலையில் அத்தை வந்து இறங்கினாள். எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். நான் மட்டும் என் உத்தியோகம் போன துக்கத்தில் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மாமேல்தான் ஆத்திரம். அந்த நேரம் பார்த்துக் கூப்பிடாமல் இருந்திருந்தால் அப்பா நனைந்திருக்கவே மாட்டார், நானும் வேலையோடு இருந்திருப்பேன் என்று நாள்கணக்கில் அவளைக் குறை சொல்லித் திரிந்தேன். அம்மாவோ பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

அன்றைக்கு அந்த முறத்து அரிசியை நான் கண்வலிக்கத் தேடினேன். ஒரு கல்கூட இல்லை. காலையிலேயே அம்மாவும் பெரியம்மாவும் அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள்.