மகால் என்று மாட்டிய படம்

பிளானோவில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில், ஹாலில் ஒரு சுவர் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். பெருமாள் படம் மாட்டலாம் என்றேன் நான். எதிரே ஷூ ரேக் இருக்கிறதே என்றார் என் கணவர். இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை பக்கத்துத் தெருவில் வீட்டுப் பழைய சாமான்களைப் பரப்பி கராஜ் சேல் போட்டிருந்தார்கள். மகளுக்குச் சின்ன சைக்கிள் கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனோம்.

சைக்கிள் இல்லை. பழைய மேஜை விளக்குகளுக்குப் பின்னால், கனமான மரச்சட்டம் போட்ட அச்சுப்படம் ஒன்று சாய்ந்திருந்தது. வரிசையாகத் தூண்கள், மேலே நுணுக்கமான வேலைப்பாடு செய்த வளைவுகள், நடுவில் முற்றம், நிழலில் தலைப்பாகை கட்டிய இரண்டு பேர். என் கணவர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்க மகாலு."

அவர் மதுரைக்காரர். திருமலை நாயக்கர் மகாலுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவர். நான் கோயம்புத்தூர், மகாலை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதுவும் கல்யாணமான புதிதில். படத்தை விற்ற வயதான அம்மாளிடம் இது எந்த இடம் என்று கேட்டேன். காலமான தன் கணவர் லண்டனில் வாங்கியது, ஊர் ஊராகச் சுற்றி வரைந்த ஒரு பிரிட்டிஷ் ஓவியருடையது என்றார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. எங்கேயோ வெயில் அடிக்கிற ஊர் என்று மட்டும் சொன்னார். என் கணவருக்கு அந்தச் சாட்சி போதுமாயிருந்தது.

மாட்டிய அன்றே எனக்குச் சந்தேகம்.

"ஏனுங்க, மகால் தூணு ரெண்டு பேரு சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதுங்களே. இது கரும்பாட்டம் இருக்குது."

"வெள்ளைக்காரன் வரைஞ்சா அப்பிடித்தான் வரும். அவனுக்கு அளவு பிடிபட்டிருக்காது."

"அப்புறம் அந்த மலை?" முற்றத்துக்கு அப்பால், உச்சியில் பனி படிந்த மலை ஒன்று தெரிந்தது.

"எங்க ஊரு யானைமலை."

"யானைமலைல பனிங்களா?"

"வெயில் பட்டா பாறை வெள்ளையாத் தெரியும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கிரீன் கார்டு வேலை இழுத்துக்கொண்டே போனதில் அவர் ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் டையைக் கழற்றிக்கொண்டே ஒரு நிமிஷம் அதன் முன்னால் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறவர்களையும் தட்டோடு அங்கே கூட்டிக்கொண்டு போவார். சாம்பார் ஆறிப்போகும்வரை விளக்கம் நடக்கும். வந்தவர்களும், நல்ல பிள்ளைகள், தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷம் கோடையில் மாமனாரும் மாமியாரும் ஆறு மாதம் தங்க வந்தார்கள். பெட்டியைக்கூட இறக்கவில்லை, இவர் மாமாவைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாருக்குப்பா. எந்த ஊரு இது?"

இவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் அடுப்படிக்குள் நழுவிவிட்டேன். சிரிப்பு அடங்கினால்தானே வெளியே வர முடியும்.

"அப்பா, நல்லாப் பாருங்க. நம்ம மகாலு."

"மகாலா? ஏப்பா, கோர்ட்டு அங்க இருந்தப்ப பதினோரு வருஷம் உக்காந்து நகல் எழுதியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மதுரை ஜில்லா கோர்ட் ஒரு காலத்தில் மகாலுக்குள்தான் நடந்தது. மாமா அங்கே குமாஸ்தாவாக இருந்தவர். அவருக்கு எதிராக அப்பீல் போக இடமில்லை. ஆறு வயது மகள் வேறு, "ஐ டோல்ட் யூ, அப்பா," என்றாள். அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அப்படியானால் எந்த ஊர்? அது மாமாவைப் பிடித்துக்கொண்டது. நடந்துபோக ஆளில்லாத தெருவில் பொழுது போகாமல் தவித்தவருக்கு ஒரு கேஸ் கிடைத்துவிட்டது. மாமியார் அடுப்படியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டதால் எனக்கும் நேரம் இருந்தது. மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு இருவரும் லைப்ரரிக்குப் போவோம். மூன்றாம் நாள், மடியில் வைக்க முடியாத பெரிய புத்தகம் ஒன்றில் அதே படம் கிடைத்தது. ஸ்பெயினில் கிரானடா. மூர்கள் என்ற முஸ்லிம்கள் கட்டிய பழைய அரண்மனை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அந்த ஓவியர் கோவேறு கழுதையில் போய்ச் சேர்ந்து, ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி வரைந்திருக்கிறார். பனி நிஜமான பனிதான்.

எதிர்ப் பக்கத்தில் அதே முற்றத்தின் போட்டோ இருந்தது. மாமா இரண்டிலும் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட ஆரம்பித்தார்.

"ஏம்மா, இங்கிட்டு வளைவு ஏழு. அவன் அஞ்சுதான் போட்டிருக்கான். ரெண்டு விட்டுப்போச்சு. முற்றத்தையும் இழுத்துவிட்டுருக்கான் பாரு, தேர் ஓடும் போல. இதுல உண்மை நகல்னு கையெழுத்துப் போட முடியாதும்மா."

சாயங்காலம் இவரிடம் சொன்னோம். கிண்டல் செய்ய நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். இவர் எதையும் மறுக்காமல் சோபாவில் உட்கார்ந்து, "அப்ப நாந்தான் மறந்துட்டேன்," என்றார் மெதுவாக. பட்டியலை விட்டுவிட்டு நான் காப்பி போடப் போனேன்.

மாமா மறுநாள் பேத்தியிடம் பென்சிலும் ஸ்கேலும் வாங்கிக்கொண்டு, டைனிங் டேபிளில் ஒரு பெரிய தாளை விரித்தார். படம் வரைய அவருக்கு வராது. கோடு போடத் தெரியும். தூண்களுக்கு வட்டம், ஜட்ஜ் உட்காரும் இடம், வக்கீல்கள், டவாலிச் சேவகர், தன் மேஜை, வெற்றிலை துப்பக் கூடாத மூலை, துப்பிய மூலை. இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்பா, நாங்க ஓடிப்பிடிச்சு விளையாண்டது எங்கிட்டு?" "நீ விளையாடும்போது கோர்ட்டு காலி பண்ணிப் போயாச்சுப்பா." இரண்டு பேரும் சாப்பிட வரவே இல்லை.

கிரானடாவை நாங்கள் இறக்கவில்லை. அதன் பக்கத்தில் மாமாவின் தாளும் ஏறியது. அந்த நவம்பரில் அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, திருநெல்வேலிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். ஓவியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாளின் முன் நின்று ரொம்ப நேரம் யோசித்தார்.

"வீட்ட எக்ஸ்டென்ஷன் பண்ணுதீயளோ? இத்தன தூணுக்கு சிட்டில பெர்மிட் குடுப்பானா?"

என் கணவர் தட்டோடு எழுந்தார். அன்றைக்கும் சாம்பார் ஆறிப்போனது.