ஜமுக்காளத்தில் உட்கார்ந்த சம்மதம்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் சாதிச் சங்கமான உறவின்முறையில் எங்கள் வீடு தலைக்கட்டு இல்லை என்று ஆகிவிட்டது. ஆம்பிளை இருக்கிற வீடுதான் தலைக்கட்டாம், அதற்குத்தான் எதையும் கேட்கிற உரிமையாம். மகளுக்கு வரன் கூடி வந்ததும் உறவின்முறை மண்டபத்தைக் கேட்டுப் போனேன். "ஒங் கொழுந்தனை வந்து கேக்கச் சொல்லு தாயி" என்றார் தலைவர். கொழுந்தனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. மில்லில் ஷிப்டு பார்த்து மகளை ஆளாக்கியவள் நான்; மண்டபம் கேட்க மட்டும் இன்னொருத்தர் வாய் வேண்டுமா?

ராஜபாளையத்தில் அப்போது தேர்தல் நேரம். எங்கள் தெருவுக்கு வந்த வேட்பாளர் பெண்ணுரிமை பற்றி மைக்கில் முழங்கினார். ஆரத்தித் தட்டோடு அவரை மறித்து மண்டப விஷயத்தைக் கேட்டேன். பக்கத்தில் நின்ற உறவின்முறைத் தலைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கைக் கீழே இறக்கினார்.

"அது உங்க சமுதாய விசயம்க்கா. நாங்க தலையிட ஏலாது. சமுதாயமே முன்வந்து சம்மதிச்சா எங்களுக்குச் சந்தோசந்தான்."

"தெரு ஓட்டு பூராம் தலைவரு கையில. ஒனக்காண்டி அதை விடுவாராக்கும்?" என்று காதைக் கடித்தாள் பக்கத்து வீட்டு மதினி.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாதர் கூட்டம். பேசிய வக்கீலம்மா, பெண்களை ஒதுக்கக் கூடாது என்று உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்தில் நம் அரசாங்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்றார். கூடவே, எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அந்தச் சமூகமே முன்வந்து சம்மதிக்காமல் தலையிட மாட்டோம் என்றும் எழுதி வைத்திருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

"என்னக்கா?" என்றார் வக்கீலம்மா.

"இதே வார்த்தையை எங்க தெருமுக்குல கேட்டுட்டுத்தான் வாரேன், தாயி."

டெல்லிக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரே பயம், ஓட்டுப் பயம். சரி, சம்மதம்தானே வேண்டும்? சமுதாயத்தில் நாங்களும் சேர்த்திதானே? எங்களை எவர் கேட்டார்?

உறவின்முறைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசலாம். நிற்பவர் பதில் சொல்ல வந்தவர். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கி ஜமுக்காளம் விரிப்பது மட்டும் பெண்கள் வேலை. விரித்துவிட்டுப் போய்விட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை விரித்தோம். போகவில்லை. தெருப் பெண்கள் எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டோம்.

ஆண்கள் வந்து வாசலோரம் நின்றார்கள், ஏதோ தப்புப் பண்ணி இழுத்து வரப்பட்டவர்கள் மாதிரி.

"ஏட்டி, எந்திரிங்க. கூட்டம் நடக்க வேண்டாமா?" என்றார் தலைவர்.

"நடத்துங்க அண்ணாச்சி. சமுதாயம் சம்மதிக்கணும்னு அன்னைக்கி ஓட்டுக் கேக்க வந்தவரு உங்க முன்னால வச்சுத்தான சொன்னாரு? சமுதாயம் உக்காந்திருக்கு. கேளுங்க" என்றேன்.

"நின்னுகிட்டு எப்படிக் கேப்பாரு? செத்த தள்ளி உக்காருங்கடி, எடம் குடுப்போம்" என்றாள் மதினி. மண்டபமே சிரித்தது. ஓரத்தில் இரண்டு ஆண்கள் மெல்ல உட்காரவும் செய்தார்கள். தலைவர் உட்காரவில்லை. கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டார்.

மண்டபம் தருகிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டேன். இடம், உறவின்முறை மண்டபம். அழைப்பது நான்.

அடுத்த கூட்டத்துக்கு ஆண்களுக்கு மட்டும் நாற்காலி போடப் போகிறார்களாம். போடட்டும். நாற்காலியிலும் எங்களுக்கு உட்காரத் தெரியும்.