ஸ்டோர்காரரும் ஐந்து நாடுகளும்

நூற்பாலையின் பண்டகசாலையில் கம்பிவலைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்த காலத்தில், அவரிடம் ஒரு பேரிங் வாங்குவதைவிடக் கல்லில் நார் உரிப்பது சுலபம். உள்ளே இயந்திரம் நின்று கிடக்கும். ஃபிட்டர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து நிற்பார். இவர் நிதானமாக அலமாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் இருக்கு" என்பார்.

"அந்த ஒண்ணைத்தாங்க கேக்கறேன்."

"அதையும் குடுத்துட்டா ஸ்டாக் என்னாகும்?"

பொருட்கள் இயந்திரத்துக்காக வாங்கப்படுகின்றன என்பது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி என்றே அவர் கடைசி வரை நம்பினார். அவர் ஓய்வு பெற்ற அடுத்த வாரமே ஆலையில் உற்பத்தி கூடியதாம். அதை அவரிடம் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. 'ஸ்டோர்காரர்' என்ற பெயர் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது. மாமனார் வீட்டில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஓய்வு பெற்ற கையோடு ஓர் ஆசை வந்தது. ஐந்து நாடுகள் வழியாகத் தரைமார்க்கமாகப் போய், கண்டத்தின் அந்தப் பக்கத்துக் கடலைப் பார்ப்பது. விமானத்தில் போகிறவர்கள் அவர் கணக்கில் பார்சல்கள். ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, கொடி பிடித்தவன் பின்னால் நடக்கும் சுற்றுலாக் கூட்டம் அவருக்கு மந்தை. "நான் போறது பயணம். அவனுங்க போறது மேய்ச்சல்" என்பார். இத்தனைக்கும் அவர் அதுவரை போன மிக நீண்ட தூரம், மைத்துனர் வீட்டுக்கு. அதிலும் ஒரு தடவை ரயிலில் பாதி வழியில், வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பியிருக்கிறார்.

ஆனால் இந்தப் பயணத்தை உண்மையாகவே விரும்பியது அவர் மனைவி. தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தவள். முப்பது வருஷமாக மிஷினை மிதிக்கும்போதெல்லாம் அவள் கண்முன் இருந்தது ஒரு பச்சைச் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்தால் அதுதான் அவளுக்குப் புதுச்செய்தி. சக்கரத்தை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சுவர் அங்கேயே நின்றது. எனவே கணவர் ஐந்து நாடு என்றதும் அவள் சிரிக்கவில்லை. கேட்டவர்களில் சிரிக்காதது அவள் ஒருத்திதான். "திட்டப்படி ஒரு ஸ்பேர் டிரைவர் வேணும்" என்று அவர் சொன்னதற்காக, ஐம்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கினாள். கடையை உதவிக்கு இருந்த பெண்ணிடம் ஆறு மாதத்துக்கு ஒப்படைத்தாள். அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் "நான் ஊர்ல இருக்க மாட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியத்தின் ருசியிலேயே பூரித்துப்போயிருந்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். விசா. ஒவ்வொரு நாட்டுக்காரனும், "அடுத்த நாடு உன்னை உள்ளே விடும் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பான். ஆகவே கடைசி நாட்டில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். அதே சமயம், முதலில் வாங்கியது காலாவதியாவதற்குள் கடைசியில் வாங்கியது கைக்கு வர வேண்டும். இந்தச் சிக்கை ஸ்டோர்காரர் ஓர் இழை அறாமல் பிரித்தார். இரண்டு பாஸ்போர்ட்டிலும் ஐந்து விசாவும் பளபளவென்று உட்கார்ந்தன. இனி மாதக்கடைசிக்குள் முதல் எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் இரண்டாவது நாட்டுக்கும் மூன்றாவது நாட்டுக்கும் நடுவிலுள்ள கணவாயைப் பனி மூடிவிடும். விசாக்களும் வரிசையாகச் செத்துவிழும்.

கிளம்ப வேண்டியதுதானே? அங்கேதான் ஸ்டோர் விழித்துக்கொண்டது.

பயணத்துக்கென்று வாங்கிய பழைய வேனில் முதலில் ஒரு ஸ்டெப்னி ஏறியது. அது பஞ்சரானால்? இன்னொன்று. பெட்ரோல் பம்ப் ஒன்று, அதற்கு ஸ்பேர் ஒன்று, ஸ்பேர் பழுதாக வந்திருந்தால் என்று மூன்றாவது ஒன்று. ஜாக்கி இரண்டு. அடுப்பு இரண்டு. கூடாரம் இரண்டு. டார்ச் விளக்குகளுக்குப் பேட்டரி போட்டதில், ஒரு கிராமத்துக்கே வெளிச்சம் காட்டலாம். தண்ணீருக்கு ஒரு டிரம் ஏற்றினார். டிரம் ஒழுகினால்? இரண்டாவது டிரம்முக்கு வேனின் பின்பக்கம் இடமில்லை. முன்னால் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றினால் கச்சிதமாகப் பொருந்தும் என்று அளந்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

ஸ்பானரோடு வந்த மெக்கானிக் இருக்கையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அண்ணே, அக்கா எங்க உக்காருவாங்க?"

ஸ்டோர்காரர் யோசித்தார். கடுகு போன இடத்தை ஆராய்கிறவருக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். இவருக்குத் தெரிந்தது. தெரிந்தும், டிரம்தான் முக்கியம் என்று பட்டது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் பெரிய சலுகை அறிவிப்பது போலச் சொன்னார்: "நீ பிளேன்ல வந்து மூணாவது நாட்டுல சேந்துக்கோ. அதுக்குள்ள தண்ணி தீந்து ஒரு டிரம் காலியாயிருக்கும். உனக்கு எடம் கிடைச்சுடும்."

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"அப்ப தண்ணி தீந்ததுக்கு அப்புறம்தான் நான் ஏறணுமா?"

"உணர்ச்சிவசப்படாத. லாஜிக்கா பாரு."

"ஸ்பேர் டிரைவர்னு சொல்லித்தானே என்னை லைசென்ஸ் எடுக்க வச்சீங்க?"

"ஆமா. ஸ்பேர் எப்பவும் ஸ்டோர்லதான் இருக்கணும்."

இதைச் சொல்லிவிட்டு, ஒரு நல்ல விதியைச் சுருக்கமாகச் சொன்ன திருப்தியோடு அவர் சாப்பிடப் போனார். அவள் பதில் பேசவில்லை. பேசாத பெண்டாட்டி சம்மதித்த பெண்டாட்டி என்பது அவருடைய இன்னொரு விதி.

மறுநாள் அவள் பஸ் கம்பெனி அலுவலகத்துக்குப் போய் வந்து, மேஜைமேல் இரண்டு டிக்கெட்டுகளை வைத்தாள். எல்லை வரைக்கும் ஒரு பஸ், அங்கே இறங்கி நடந்து தாண்டினால் அந்தப் பக்கம் இன்னொரு பஸ். இப்படியே ஐந்து நாடும் போகலாமாம். சந்தைக்குப் போகிறவர்கள் தினமும் போகிறார்களாம்.

"பஸ்ஸா! கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் போறவன்தான் பஸ்ல போவான். வண்டி என்னாகறது?"

"பத்திரமா நிக்கட்டும். விசாவை நீங்க ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்க, அதுல பேச்சே இல்ல. அது போதுங்க. ஆளுக்கு ஒரு பை."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே, வேனையே..."

"வேன் ஓட்டத் தெரியும். கோடவுன் ஓட்டத் தெரியாது."

கிளம்பும் நாளில் அவரும் பஸ் நிலையத்துக்கு வந்தார். ஒரு பைதான் என்று சொல்லியிருந்ததால், மூன்றோடு. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தாள். இவர் குனிந்து பஸ்ஸின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டெப்னி எத்தனை?" என்று டிரைவரைக் கேட்டார்.

"ஒண்ணு."

"அதுவும் பஞ்சரானா?"

"பின்னால வர்ற பஸ்ஸை நிறுத்துவோம்."

"அந்த பஸ்ஸும் பஞ்சரானா?"

டிரைவர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். "அம்மா, இவரு உங்ககூட வர்றவரா?"

"அதை அவர்தாங்க சொல்லணும்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவருக்கும் புரிந்தது. இரண்டு பைகளைக் கீழே விட்டுவிட்டு ஒரு காலைப் படியில் வைத்தார். உள்ளே அவள் கைக்குட்டையை எடுத்து இடத்தைக் காட்டினாள். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவருக்கு ஏறிவிடலாம் என்றுகூட இருந்தது. அப்போதுதான் டிரைவருக்குத் தலைவலி வந்தால் யார் ஓட்டுவார் என்று கேட்காமல் விட்டது ஞாபகம் வந்தது. கேட்பதற்காக இறங்கினார். அதற்குள் தன் இருக்கையில் ஏறிவிட்ட டிரைவர் கதவைச் சாத்தினார்.

பஸ் திரும்பும்போது அவள் கையாட்டினாள். அழவில்லை. முகத்தை மறுபடி முன்பக்கம் திருப்பிக்கொண்டாள், சாலை அங்கேதான் இருந்தது.

"என்ன சார், அவங்க மட்டும் போயிட்டாங்க?" என்றார், வீடு திரும்பியவரிடம் பக்கத்து வீட்டுக்காரர்.

"வழி எப்படின்னு பாத்துட்டு வர அனுப்பியிருக்கேன்."

நாலாவது நாட்டிலிருந்து அவள் போன் செய்தாள். கணவாயில் பஸ் நின்றதாம், எல்லோரும் இறங்கித் தள்ளினார்களாம், அவளும் தள்ளினாளாம். சொல்லும்போதே சிரித்தாள். "தண்ணிக்கு என்ன பண்ணின?" என்று கேட்டார் இவர். "வழியெல்லாம் விக்கறாங்க" என்றாள். அதை நம்ப முடியாது என்று விளக்கத் தொடங்கினார். பஸ் கிளம்புகிறது என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அவருடைய விசாக்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிவிட்டன. பரவாயில்லை. கடைசி நாட்டின் விண்ணப்பத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். இந்தத் தடவை ஒரே ஆள் என்பதால் வேனில் இடம் தாராளமாம். மூன்றாவது டிரம்முக்குச் சொல்லியிருக்கிறார்.